சொன்ன இடத்துக்கே திரும்பிப் போகிறவள்

அவளோடு தெருவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். இதைச் சொல்லும்போதே இன்னொரு கூச்சம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். பார்க்க லட்சணமாக இருப்பாள், நன்றாக உடுத்துவாள், சத்தமாகப் பேசமாட்டாள். ஆனால் எந்த நிமிஷம் யாரைத் துரத்திக்கொண்டு ஓடுவாள் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் அடையாறு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். தோளில் தூங்குகிற குழந்தையும் கையில் கட்டைப்பையுமாக ஒரு அம்மா, வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, "இது சாந்தோம் போவுமா?" என்று கேட்டாள். இவள் "போகும், ஏறுங்க" என்று சொல்லி, கீழே விழுந்த குழந்தையின் செருப்பைக்கூட எடுத்துக் கொடுத்தாள். பஸ் கிளம்பின பிறகுதான் பின்பக்கத்துப் பலகை கண்ணில் பட்டது. கோட்டூர்புரம் வழியாகத் தி.நகர் போகிற வண்டி.

"விடு ஆபா, கண்டக்டர் சொல்லிடுவார்" என்றேன். அதற்குள் அவள் ஒரு ஆட்டோவை மறித்து உள்ளே உட்கார்ந்தாயிற்று. என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கோட்டூர்புரத்தில் அந்த பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். படியில் தொற்றி, கூட்டத்துக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, "சாந்தோம் போறவங்க! நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேங்க! இது சாந்தோம் போகாது!" என்று கூவினாள். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. "இன்னாம்மா, ஏறுறியா எறங்குறியா?" என்றார் கண்டக்டர். குழந்தைக்கார அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினாள். "அவுரு அப்பவே சொல்ட்டாரும்மா. நான் எறங்கத்தான் போறேன். இதுக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். வியர்வை துடைப்பதுபோல துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது எரிந்து விழுந்தேன். "அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"அவங்களுக்குக் கண்டக்டர் சொன்னாரு. நான் சொல்லலையே" என்றாள்.

அவளுடைய சுபாவமே இதுதான். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் யாரிடம் சொன்னாளோ அவரிடமே போகவேண்டும். எந்த இடத்தில் சொன்னாளோ அங்கேயே போய் நிற்கவேண்டும். பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேரும் இருக்கும்போது "நான் சொன்னது தப்பு" என்று சொல்லவேண்டும். போனில் சொல்வது, மெசேஜ் போடுவது, இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்புவது எதுவும் அவள் கணக்கில் சேராது. பாண்டி பஜாரில் ஒரு புடவைக் கடைக்காரரிடம் நாலு பேர் எதிரே "இது பட்டே இல்ல" என்று வாதாடிவிட்டு, புடவை ஓரத்தில் பிய்ந்துவந்த நூலை வீட்டுக்குப் போய்க் கொளுத்திப் பார்த்து, பட்டுதான் என்று தெரிந்ததும் மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு இவள் யாரென்றே நினைவில்லை. இவள் நினைவுபடுத்தி, அப்புறம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அங்கேயே மானம் போயிற்று.

ஆபா என்பது அவள் பெயர் இல்லை. உருதுவில் அக்கா என்று அர்த்தம். வீட்டிலிருந்து தங்கை போனில் அப்படிக் கூப்பிடுவது வெளியே கேட்கும். அதுவே லேபில் எல்லோருக்கும் பழகிவிட்டது. நானும் அவளும் ஒரே வருஷம் அடையாறு பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், ஒரே கைடிடம் சேர்ந்தோம். அவள் என்னைவிட மூத்தவள், ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் வாங்க வந்தவள். அவள் ராயப்பேட்டை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகள். நான் மயிலாப்பூர், குளத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதைப் பாலோடு சேர்த்துப் புகட்டி வளர்த்த வீடு எங்களுடையது.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சில்லு ஒன்றின் மேல் நிக்கலை மிக மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்போம். நிக்கல் காந்தமாகிற உலோகம். அதன் மேல் லேசர் ஒளியை ஒரு துடிப்பாக அடிப்போம். ஒரு வினாடியை ஆயிரமாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி ஆயிரமாக வெட்டி, இப்படி ஐந்து முறை வெட்டினால் கிடைக்கிற பொடிதான் எங்களுடைய அளவு. அந்தப் பொடிகளில் சில பத்துகள் மட்டும் நீடிக்கிற துடிப்பு அது. அடி விழுந்ததும் நிக்கலின் காந்தம் மடமடவென்று குறைந்துவிடும். அப்புறம் மெள்ளத் தெளிந்து எழுந்திருக்கும். மயக்கம் போட்டு விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுவதுபோல. அவ்வளவு சீக்கிரத்தில் அந்தக் காந்தம் எங்கே போகிறது, எதனிடம் கொடுத்துவிட்டுப் போகிறது என்று உலகத்தில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

விழுகிற வேகத்தைப் பார்ப்பதற்கு இரண்டாவதாக ஒரு ஒளித்துடிப்பைப் பின்னாலேயே அனுப்புவோம். அடிக்கிறதற்கு பம்ப் என்று பெயர். பின்னால் வந்து பார்க்கிறதற்கு ப்ரோப். அதில்தான் எத்தனை ஏமாற்று வேலை! பம்ப் ஒளியே சிதறி வந்து கருவியில் விழுந்து காந்தம் குறைந்துவிட்ட மாதிரி காட்டும். ஏ.சி. காற்று ஒரு கண்ணாடியை அசைத்துவிட்டு அதையும் கண்டுபிடிப்பு மாதிரி காட்டும். திரையில் கோடு இறங்கியதும் நாங்கள் எல்லாம் குதிப்போம். ஆபா ஒரு கறுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வருவாள். "மூடிப் பாத்தியா?" என்பாள். பம்ப் ஒளியை அட்டையால் மறைத்தபிறகும் கோடு இறங்கினால் அது காந்தமில்லை, வெறும் குப்பை. பாதி நாள் குப்பையாகத்தான் இருக்கும். என் முகம் தொங்கிப்போகும். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் கிடையாது. தானே எடுத்த அளவீட்டுக்கும் அப்படித்தான் அட்டை வைப்பாள்.

எங்காத்துக்கு ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா ஆசைப்பட்டு, "அவளையும் கூப்பிடுடி, படிச்சவா நாலு பேர் கூட இருந்தா நன்னாருக்கும்" என்றதால் ஆபாவும் வந்திருந்தாள். பஜ்ஜி தட்டை நீட்டியபடியே அம்மா பெருமையை ஆரம்பித்தாள். "எங்க பொண்ணு காந்தத்துல பெரிசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் கேட்டு எழுதறா."

மாப்பிள்ளையின் அம்மா ஆபா பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றாள். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது விஷயம்.

"கண்டுபிடிக்கல ஆன்ட்டி. ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்கோம். போன மாசம் இருக்குன்னு நெனச்சோம், அது கண்ணாடி ஆடினது" என்றாள் ஆபா, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே.

அந்த வரன் தட்டிப்போனதற்குக் காரணம் ஜாதகம்தான். ஆனால் அம்மா இன்றுவரை ஒத்துக்கொள்ளமாட்டாள். "அப்படி ஒரு வார்த்தையை வாய் கூசாம எப்படிடி சொல்லித்து அது?" என்று அன்று முழுக்கக் கரித்துக்கொட்டினாள். எனக்கும் கோபம்தான். ஆபாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் தினமும் என் மேஜையில் ஒரு சமோசாவை வைத்துவிட்டுப் போனாள். அந்த சமோசாவையும் தின்றுவிட்டுக் கோபமாகவே இருந்தேன்.

இப்போது அந்தப் பெரிய விஷயம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் நிக்கல் படலத்தில் காந்தம் விழுகிற கோடு மிகச் செங்குத்தாக வந்தது. உலகத்தில் மற்றவர்கள் பார்த்ததைவிடச் சீக்கிரமாக, பம்ப் ஒளி பட்ட உடனேயே விழுந்த மாதிரி. ஆபா அட்டை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. காந்தப்புலத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அதுவும் சரி. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு விதமாக மாறும். அது அதிர்கிற திசை கொஞ்சம் திரும்பும். கூடவே அந்த அதிர்வு கொஞ்சம் நீள்வட்டமாக நெளியும். காந்தம் நிஜமாகவே விழுந்தால் இரண்டும் ஒரே மாதிரி விழவேண்டும். நாங்கள் அளந்தது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதை அளக்க நாணயம் அளவுக்கு ஒரு தகடு வேண்டும். எங்களிடம் இருந்த ஒன்றைப் பக்கத்து லேப் இரவல் வாங்கிப் போயிருந்தது. "அது வரும்போது பாத்துக்கலாம், இப்ப எழுதுங்க" என்றார் சார். சார் என்றால் எங்கள் கைடு. ஆபா முனகினாள், ஆனாலும் எழுதினாள். அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

கட்டுரை வெளிவந்தது. ஒரு நாளிதழில் எங்கள் படத்தோடு செய்தி போட்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் காந்தத்தை வீழ்த்தும் ஒளி என்று தலைப்பு. "கண் சிமிட்டறது நம்ம கணக்குல ஒரு யுகம்டி, இவங்களுக்கு யார் இதைச் சொன்னது?" என்று ஆபா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அவளுடைய தற்காலிக வேலை அந்த வருஷத்தோடு முடிகிறது. அதே நிலையத்தில் நிரந்தரமாக ஒரு இடம் காலியாகியிருந்தது. இந்தக் கட்டுரையை வைத்துத்தான் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா செய்தியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார். தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். நான் போயிருந்தபோது எனக்கும் ஒரு பெட்டி. "உங்க ரெண்டு பேராலயும் எனக்குத் தலை நிமிந்துருச்சிமா" என்றார்.

நேர்முகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் தகடு திரும்பி வந்தது.

யாரும் கேட்கவில்லை. சார் ஊரில் இல்லை. கட்டுரையும் வெளிவந்தாயிற்று. ஆபா தகட்டைத் துடைத்து ஒளிப்பாதையில் வைத்தாள். மத்தியானம் முழுக்க அளந்தோம். இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள். ஆரம்பத்தில் ஒட்டவே இல்லை. அந்தச் செங்குத்தான இறக்கம் புதிய கோட்டில் கிடையாது. கொஞ்சம் தள்ளி, மற்றவர்கள் பார்த்த வேகத்தில்தான், இரண்டும் சேர்ந்து இறங்கின. ஆக, முதலில் விழுந்தது காந்தமில்லை. பம்ப் ஒளி எலெக்ட்ரான்களைக் கலக்கிவிட்டதில் அந்தப் பரப்பு ஒளியைத் திருப்புகிற விதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முகம் மாறவில்லை, முகம் பார்க்கிற கண்ணாடிதான் மாறியிருக்கிறது. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பள்ளம் அது. தெரிந்தே போய் விழுந்திருந்தோம்.

"சரி, இன்டர்வியூ முடியட்டும்" என்றேன். "அப்புறம் நீ ஊர் பூரா தண்டோரா போடு. யார் வேணாங்கறா?"

"இன்டர்வியூல அதைப் பத்தித்தானேடி பேசணும்?"

"வேற எதையாவது பேசு."

"என்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படி அதைக் காட்டறது?"

"என் தீசிஸ்ல பாதி அதுதான் ஆபா. உன் ஒருத்தி வேலை மட்டுமில்ல. சார் பேரு இருக்கு, என் பேரு இருக்கு. எல்லார் முன்னாடியும் போய் நின்னு, நாங்க முட்டாளுங்கன்னு சொல்லப்போறியா? உனக்கு வெக்கமே கிடையாதா?"

அவள் தகட்டைக் கழற்றி, மெல்லிய தாளில் சுற்றி, டப்பாவில் வைத்தாள். சார் வந்ததும் காட்டினாள். அவர் நெடுநேரம் திரையையே பார்த்தார். "இதை இப்பவே பேசணுமா?" என்று மட்டும் கேட்டார். அவரையும் குறை சொல்லமாட்டேன். நான் கேட்டதையே அவர் மரியாதையாகக் கேட்டார்.

நேர்முகத்தன்று காலையில் முதலில் எல்லோருக்குமான ஒரு பேச்சு. அரங்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது, ஆபாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால் பெண்கள் கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"என்ன ஆபா, என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்புடல. எப்பவும் இப்படித்தான் வாந்தி வரும்."

"எப்பவும்னா?"

"தப்புன்னு சொல்லப் போறதுக்கு முன்னாடி." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பதட்டத்தில் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். "வெக்கமே கெடையாதான்னு கேட்டியே. தோலை உரிச்சு வெயில்ல போட்ட மாரி கீதுடி. அன்னிக்கி பஸ்ல ஏறச்சொல்லயும் இப்படித்தான் காலு ஒதறிச்சு. உங்கம்மா பஜ்ஜி குடுத்தாங்களே, அதை வாயில வெச்சுக்கினேன், முழுங்க முடியல. தள்ளிப்போட்டா கூடவே வந்து படுக்குது, கூடவே எந்திரிக்குது. அதான் ஓடிப்போய் சொல்லிடறேன்."

இத்தனை நாளும் அவளுக்கு உறைக்காது என்றே நினைத்திருந்தேன். உறைக்காத ஆள் என்பதால்தான் இஷ்டத்துக்குக் கோபித்துக்கொண்டேன், திட்டினேன், அம்மா திட்டியபோது கூடச் சேர்ந்துகொண்டேன். எனக்கு வந்த கூச்சமெல்லாம் அவளுக்கு வந்ததில் கால்வாசி தேறுமா என்றுகூடத் தெரியவில்லை. துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மேடையில் குரல் நடுங்காமல் பேசினாள். பழைய கோட்டைக் காட்டி, "இதை நாங்கள் சொன்னோம். இது தப்பு" என்றாள். புதிய கோட்டைக் காட்டி ஏன் தப்பு என்றாள். தேர்வுக் குழுவில் ஒருவர், "உங்களோடு எழுதியவர் இதை ஏற்றுக்கொள்கிறாரா?" என்று கேட்டார். மொத்த அரங்கமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தலையை ஆட்டினேன். காது மடல் இரண்டும் நெருப்பாகத் தகித்தது. சார் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

இப்போது அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறாள். அங்கே லேசர் என்றால் திரையில் சுட்டிக்காட்டுகிற சிவப்புப் புள்ளிதான். நான் எங்கே இருக்கிறேன் என்றால், அதே நிலையத்தில், அதே மாடியில். அந்த இரண்டு கோடுகளும் ஏன் ஒட்டவில்லை என்பதையே ஆராய்ந்து என் தீசிஸை முடித்தேன். நல்ல வேலை என்றார்கள். பிற்பாடு இன்னொரு இடம் காலியானபோது எனக்குக் கிடைத்தது. முறையாகத்தான் கிடைத்தது, யாரையும் தள்ளிவிட்டு வரவில்லை. ஆனாலும் அவள் போன் செய்தால் "எங்கே இருக்கே?" என்று கேட்பாளே, அப்போது "லேப்ல" என்று சொல்வதற்கு எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அது இல்லை. நேர்முகத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் காரணம்.

"எங்க தெருவுக்கு வர்றியா?" என்று கேட்டாள். "தனியா போகத் தெம்பு இல்ல." அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மற்ற நாளெல்லாம் இழுத்துக்கொண்டு போனதுதான்.

செய்தி வந்த அன்று அவளே வாயால் சொல்லியிருந்த இடங்களுக்குத்தான் போனோம். முதலில் டீக்கடை. கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாய், அன்னிக்கி பேப்பர்ல வந்துதே, காந்தம். அது தப்பு பாய். நான் தப்பா அளந்துட்டேன்" என்றாள்.

"அப்ப காந்தம் போவலையா?"

"போறது நெஜம்தான். நாங்க சொன்ன அவ்ளோ வேகமா போகல. கொஞ்சம் லேட்டா போவுது."

"எவ்ளோ லேட்டு? ஒரு நிமிசம்?"

"இல்ல பாய். கண்ணு சிமிட்டறோமே, அதுல லட்சம் கோடில ஒரு பங்கு. அதைவிடவும் கம்மி."

பெரியவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். "இதுக்கு இன்னாம்மா, அந்தப் பேப்பர்காரனே கவலைப்படல!" இன்னொருவர், "வேலை கெடைச்சிச்சா?" என்றார். இல்லை என்றாள். சிரிப்பு நின்றுபோனது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

அப்புறம் தையல்கடை. அப்புறம் மருந்துக்கடை. எல்லா இடத்திலும் அதையே, அதே நிறுத்தலோடு சொன்னாள். நான் ஒவ்வொரு கடைக்கும் வெளியே ஒரு அடி தள்ளி நின்று போனில் ஏதோ அவசரமாகப் படிக்கிற மாதிரி நடித்தேன். அவளும் என்னைக் கைகாட்டவில்லை. "நான்" என்றே சொல்லிக்கொண்டு போனாள், "நாங்க" என்று வாய் தவறி வந்தாலும் திருத்திக்கொண்டாள். கட்டுரையில் இருந்தது இரண்டு பெயர்.

கடைசியாக அவள் அப்பாவின் கடை. செய்தித் துண்டு கண்ணாடியில் அப்படியே இருந்தது. அவர் ஒரு மூக்குக்கண்ணாடியின் காலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அவள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் நின்னுக்கினே கீறீங்க? உக்காருங்க. ஜூஸ் சொல்லட்டா?"

ஆபா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். இரண்டு கையாலும் கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் முழுக்கக் கேட்கக் கூவியவள், அரங்கத்தில் அசராமல் பேசியவள், அந்த மனிதர் முன்னால் சின்னப்பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள்" என்றேன் நான். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "அந்தப் பேப்பர்ல வந்தது தப்பு. நாங்க ரெண்டு பேரும்தான் தப்பு பண்ணிட்டோம். பாக்கவேண்டிய ஒண்ணைப் பாக்காம எழுதிட்டோம். திரும்ப அளந்ததுல அப்படி இல்லன்னு தெரிஞ்சுது."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "வேலை?"

"கிடைக்கல அங்கிள்."

மகளைப் பார்த்தார். "அதுக்குத்தான் சோறு எறங்கலையா ஒனக்கு?" அவள் தலையை ஆட்டினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தார். கழுத்திலிருந்து மெள்ளச் சிவப்பு ஏறிக் காதுவரை போயிற்று. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் ஏறும்.

"பள்ளிவாசல்ல சொல்லிட்டேனே" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. "கண்ணு டாக்டர் கையில சொன்னேன். அந்த நகைக்கடை சேட்டு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு."

எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டார்.

"எங்கப்பா போறீங்க?" ஆபாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "நான் வரேன். நான்தானே சொல்லணும்?"

"நீ யாராண்ட சொன்னியோ அவங்களாண்ட நீ சொல்லிட்ட" என்றார். "இவங்களாண்டல்லாம் நான்தானே பீத்திக்கினேன்? கடையைப் பாத்துக்கோங்க, வந்துட்றேன்."

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தோம். நகைக்கடை வாசல் வரைக்கும் வேகமாகத்தான் போனார். அங்கே போய் நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே காலை வைக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் உள்ளே போனார்.

யாரோ வந்து கண்ணாடி துடைக்கிற துணி கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தோம். இன்னொருவர் பாய் எங்கே என்று கேட்டார். வந்துவிடுவார் என்றோம். அவர் திரும்பி வருகிறவரை நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.